சிவப்பு மங்கிய ஏழு வாரம்

மெஷின்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லித் தொடங்கலாம் என்றால், இரண்டாவதிலேயே வண்டி நின்றுவிடுகிறது. வேலைக்கு ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. நிறம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்புறம்? அப்புறம் யோசிக்க வேண்டியதுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள். முயலே வந்து நாலு காலில் ஓடிக் காட்டினாலும், அது வேறு முயல் என்பார்.

அச்சகத்தில் அவருக்கு ‘முறைப்பு’ என்று பட்டப்பெயர். முப்பது வயதிலேயே வாங்கிய பட்டம். அதனால்தான் நாற்பத்தெட்டாவது வயதில் அவருடைய கண்கள் நிஜமாகவே வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக முறைக்கிறார் என்று ஒதுங்கிப் போனார்கள். மேல் இமை ஏறி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிய ஆரம்பித்த பிறகும், வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்களே தவிர, உடம்புக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பார், அது வேறு விஷயம்.

அவர் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அந்த அச்சகத்தில் மருந்துப் பெட்டிக்கான அட்டை அச்சாகும். நிறம் ஒரு மயிரிழை மாறினாலும் மருந்துக் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். போலி மருந்து என்று ஜனங்கள் சந்தேகப்படுவார்களாம். அதனால் மெஷினை முழு வேகத்தில் விடுவதற்கு முன் சோதனைத் தாளை எடுத்து, வெள்ளை விளக்கு மேஜையில் மாதிரித் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இரண்டு தாளில் கையெழுத்து. ஒன்று மெஷின் பக்கத்து ஆணியில் தொங்கும், மற்றது மை அறைக்குப் போகும். அந்தக் கையெழுத்து விழாமல் முதலாளியே வந்து சொன்னாலும் மெஷின் ஓடாது. பத்தொன்பது வருஷமாக அது மெஷின்காரரின் கையெழுத்து. வீட்டில், தெருவில், சொந்தபந்தத்தில் எங்கேயும் கிடைக்காத மரியாதை அவருக்கு அந்த மேஜையில் கிடைத்தது.

மை அறையில் இருந்தது மைக்காரம்மா. சீட்டில் எழுதிக் கொடுத்த அளவுக்கு மையை நிறுத்து, கலந்து, மெஷினில் கொண்டுவந்து ஊற்றுவது அந்த அம்மாளின் வேலை. ஒன்பது வருஷமாக இருவரும் கீரியும் பாம்பும். அவர் ஒன்று சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இந்த அம்மாள் மட்டும் ‘ஏன்?’ என்று கேட்பாள். அதிலும் பாதி நேரம் அவள் கேட்டது சரியாக இருந்து தொலைக்கும். அதை எப்படி மன்னிப்பார்?

எடை குறைந்தது. கை நடுங்கியது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வேர்த்தது. கண்ணில் மணல் போட்ட மாதிரி உறுத்தி, நீர் வடிந்தது. தூங்கும்போது இமை முழுக்க மூடாமல் வெள்ளை தெரிவதைப் பார்த்து மனைவிதான் பயந்து, சண்டை போட்டு, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார். உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே திசைமாறி அந்தச் சுரப்பியைத் தாக்குகிறது; அதே படை கண்ணுக்குப் பின்னால் இருக்கிற சதையையும் கொழுப்பையும் வீங்க வைக்கிறது; குழியில் இடம் போதாமல் கண் முன்னால் தள்ளப்படுகிறது என்று பொறுமையாக விளக்கினார். மனைவி கேட்டுவிட்டு, “ஊரோட எல்லாம் சண்டை போட்டு முடிச்சுட்டு இப்ப உள்ளுக்குள்ளயே ஆரம்பிச்சிருக்கார்னு சொல்லுங்க” என்றாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை எழுதினார். சொட்டு மருந்து எழுதினார். சிகரெட்டை விடவேண்டும், இந்த நோய்க்கு அதைப்போல எதிரி இல்லை என்றார். தைராய்டு அடங்கினால் இவர் கோபமும் அடங்குமா என்று மனைவி ஆசையாகக் கேட்டதற்கு, கொஞ்சம் குறையலாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். அதை இரண்டு தடவை சொன்னார். எந்தக் கண்ணிலாவது நிறம் மங்கினால், முக்கியமாகச் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால், பார்வை நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே வரவேண்டும், மறுநாள்கூடக் கூடாது.

ஆறு மாதத்தில் தைராய்டு அளவுக்கு வந்துவிட்டது. ஆள் அளவுக்கு வரவில்லை. பழைய குணம் அப்படியே இருந்தது; பழி போட இப்போது தைராய்டும் இல்லை. கண்ணும் உள்ளே போகவில்லை. சுரப்பி சரியானாலும் கண் தன் போக்கில் போகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். இவரோ, இவங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டு, புகை நெஞ்சுக்குத்தானே போகிறது, கண்ணுக்கா போகிறது என்று அட்டைக் கிடங்கின் பின்வாசலில் நின்று முன்னைவிட இரண்டு கூடுதலாக ஊதினார்.

அங்கே ஒரு மாத்திரைப் பெட்டியின் அட்டை வாராவாரம் அச்சாகும். வெள்ளை அட்டையில் ஒரே ஒரு சிவப்புப் பட்டை. ஒரு வாரம் சோதனைத் தாளில் அந்தப் பட்டை சோகை பிடித்தாற்போல் தெரிந்தது. மாதிரித் தாளும் பழசாகி வெளுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். தன் மனசில் இருக்கிற சிவப்புக்கு ஏற்ப மையைக் கூட்டச் சொல்லிச் சீட்டு எழுதினார். மைக்காரம்மா சீட்டைப் பார்த்தாள். இருக்கிறதே போதும், இன்னும் கூட்டினால் பட்டை இருண்டுபோகும் என்றாள். எழுதினதைச் செய் என்றார் இவர். கூட்டினாள். கையெழுத்து விழுந்தது. கொஞ்சம்தான் கூடியிருந்ததால் கம்பெனிக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது வாரம் விளக்கு மேஜையில் குனிந்திருந்தபோது இடது கண்ணில் நீர் முட்டியது. கைக்குட்டையால் அதைப் பொத்தினார். எதிரே இருந்த சிவப்புப் பட்டை காய்ந்த செங்கல் நிறமாக மாறியது. கைக்குட்டையை எடுத்தார், சிவப்பு. பொத்தினார், செங்கல். வலது கண்ணைப் பொத்தினார்; நல்ல சிவப்பு. நாலைந்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் நிறத்தோடு குடும்பம் நடத்தியவருக்கு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது.

அன்றைக்கே போயிருக்கலாம். போயிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பார்கள், விடுப்புக்குக் காரணம் எழுதவேண்டும், முதலாளிக்குத் தெரியும், கையெழுத்து கையைவிட்டுப் போகும். அதைக்கூடப் பொறுத்திருப்பாரோ என்னவோ. மைக்காரி சொன்னது சரி என்று ஆகிவிடுமே! அதுதான் தொண்டையில் சிக்கியது. ஒரு வாரம் பார்ப்போம் என்றார். அந்த ஒரு வாரம் ஐந்து வாரமாக நீண்டது.

இடது கண்ணால் மட்டும் பார்த்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டார். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நிறம் பார்க்க முடியுமா? தானாக மூடவும் இமை ஒத்துழைக்கவில்லை. இரண்டு கண்ணையும் திறந்தால் பட்டை இரண்டாகத் தெரிந்தது. போதாததற்கு இடது கண்ணும் மெல்ல மங்க ஆரம்பித்திருந்தது. குத்துமதிப்பாகவே மையைக் கூட்டினார். ஒவ்வொரு வாரமும் மைக்காரம்மா ‘வேண்டாம்’ என்றாள். ஒவ்வொரு வாரமும் அதற்காகவே இன்னும் கொஞ்சம் கூட்டினார். போன வாரத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் கொஞ்சம் கண்ணில் படவில்லை.

ஆறாவது வாரம் அச்சான இருபத்தைந்தாயிரம் தாளும் திரும்பி வந்துவிட்டன. பட்டை உறைந்த ரத்தம் மாதிரி இருந்தது. முதலாளி கண்ணாடி அறைக்குள் இருவரையும் கூப்பிட்டார். உள்ளே போவதற்கு முன் மெஷின்காரர் ஒரு காரியம் செய்தார். ஆணியில் தொங்கிய கையெழுத்துத் தாளை உருவி, கிழித்து, கழிவுக்காகித மூட்டையில் திணித்தார். பிறகு உள்ளே போய், நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார்: தான் கையெழுத்துப் போட்ட தாள் சரியாகத்தான் இருந்தது, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு இவள்தான் வேண்டுமென்றே சிவப்பைக் கூடுதலாக ஊற்றியிருக்கிறாள், தன்னைக் கவிழ்க்க ஒன்பது வருஷமாகச் சமயம் பார்த்தவள், கையெழுத்துத் தாளையும் இவளே எடுத்து ஒளித்திருப்பாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முதலாளி பத்தொன்பது வருஷத்தை நம்பினார். மைக்காரம்மா வாயைத் திறப்பதற்குள் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் அழவில்லை, கும்பிடவில்லை. மை அறைக்குப் போய்த் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அங்கே அலமாரியில் அடுக்கியிருந்த மை அறைப் பிரதிகளில் அந்த ஆறு வாரத்துத் தாளையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மெஷின்காரருக்குத் தன் ஆணி ஞாபகம் இருந்ததே தவிர, அவள் அலமாரி ஞாபகம் வரவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் முதலாளியைப் பார்க்க வந்தாள். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக மெஷின்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த மனைவிக்கு ஒன்றுமே தெரியாது. மைக்காரம்மாவின் முகத்தையே அன்றைக்குத்தான் பார்க்கிறாள். வந்தவள் குசலம் எதுவும் விசாரிக்கவில்லை. தன் மேல் பழி போட்டு வேலையை விட்டு நிறுத்தியதை இரண்டு வரியில் சொன்னாள். கூடத்துத் தரையில் ஆறு தாளையும் தேதிவாரியாக வரிசையாக விரித்தாள். ஒவ்வொன்றிலும் மூலையில் மெஷின்காரரின் கையெழுத்து. முதல் தாளில் சிவப்பாக இருந்த பட்டை, படிப்படியாக ஏறி, ஆறாவதில் கறுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இதில் எது சரியான சிவப்பு என்று மனைவியைக் கேட்டாள். அடுப்பைத் தவிர வேறு வேலை பார்க்காத மனைவி யோசிக்காமல் முதல் தாளைத் தொட்டாள்.

உள்ளேயிருந்து வந்த மெஷின்காரர், வீடு தேடி வந்து வம்பு இழுக்கிறாயா என்று எகிறினார். மனைவி எழுந்து வந்து, அதிகம் தள்ளியிருந்த வலது கண்ணை விட்டு, அவருடைய இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். மற்ற கையால் முதல் தாளையும் ஆறாவது தாளையும் தூக்கிப் பிடித்தாள்.

“இதுல எது ரொம்பச் சிவப்பு?”

அவர் கையைத் தட்டிவிட்டார். அவள் மறுபடியும் பொத்திக் கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா சொன்னது மனைவிக்கும் ஞாபகம் இருந்தது.

மைக்காரம்மா தாள்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “இவர் மேல பாவப்பட்டு நான் வரலை. அந்தப் பாவமெல்லாம் என்கிட்ட கிடையாது. இவருக்கு நிறம் தெரியலைன்னு டாக்டர் எழுதித் தரணும். அதை வாங்கிட்டுத்தான் போவேன். கிளம்புங்க.”

மூன்று பேரும் ஒரே வண்டியில் போனார்கள்.

அவசரப் பிரிவுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா வண்ணப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டினார், கண்ணுக்குள் விளக்கடித்தார், ஸ்கேன் எடுக்க வைத்தார். இரண்டு கண்ணிலும் நரம்பு நசுங்குகிறது, வலதில் மோசம் என்றார். எத்தனை நாளாக நிறம் மங்குகிறது என்று கேட்டார். மெஷின்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் என்றார். வாசலில் நின்ற மைக்காரம்மா உள்ளே வந்து ஆறு தாளையும் பரிசோதனைக் கட்டிலில் விரித்தாள். தேதியெல்லாம் அவர் கையாலேயே எழுதியது. டாக்டரம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். நோயாளியின் நோயை நோயாளியே வாராவாரம் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். ஏழு வாரம் என்று குறித்துக்கொண்டார்.

பிறகு அவரே ஒரு வழியையும் காட்டிவிட்டார். மெதுவாக மங்கினால் நிறைய பேருக்குத் தெரியாது, அதனால் கவனிக்காமல் விட்டிருப்பார் என்றார். மெஷின்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “ஆமாம், தெரியலை” என்றார். கடிதத்திலும் அப்படியே எழுதப்பட்டது: நிறப்பார்வை குறைந்திருந்தது, நோயாளி அதை உணராமல் இருந்திருக்கலாம். மைக்காரம்மா அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள். போதவில்லை. கண்குழி எலும்பைக் கொஞ்சம் எடுத்து, வீங்கிய சதைக்கு இடம் விட்டு அறுவை செய்தார்கள். இடது கண் நன்றாகத் தேறியது. வலது கண்ணில் வெளிச்சம் வந்தது, எழுத்து வந்தது, சிவப்பு வரவில்லை. நிறம் மங்கிய வாரமே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மனைவி ஒருநாள் மதியம் மைக்காரம்மா வீட்டைத் தேடிப் போனாள். அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டாள். அவருக்கு நிஜமாகவே தெரியாதும்மா, தெரிந்திருந்தால் அப்படி ஒரு பழியைப் போடுவாரா என்றாள். மைக்காரம்மா தண்ணீர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. யாருக்கு என்று கேட்காதீர்கள். கடிதத்தையும் கையெழுத்திட்ட ஆறு தாளையும் பார்த்த முதலாளி மைக்காரம்மாவை வேலைக்கு எடுத்துக்கொண்டார். இனி நிறம் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவள்தான் என்றார். ஏன் நிறுத்தினார், ஏன் திரும்ப எடுத்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் தன் அவசர புத்தியும் சேர்ந்து வெளியே வருமே. போய்க் காலில் விழுந்திருப்பாள் என்று மெஷின் பக்கத்தில் பேச்சு. மூன்று மாதம் கழித்துத் திரும்பிய மெஷின்காரருக்கோ ராஜ உபசாரம். பாவம், தெரியாமல் நடந்துவிட்டது என்று எல்லாரும் உருகினார்கள். முதலாளி அவரைக் கிடங்கில் உட்காரவைத்து, இடது கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பழைய இடத்தைப் பற்றி யோசிக்கலாம் என்று தோளைத் தட்டினார். கண்ணும் உள்ளே அடங்கி, முகம் சாதுவாக வேறு ஆகிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு மனசு இளகத்தானே செய்யும்?

அந்த ‘பாவம்’தான் அவரை அரித்தது. பத்தொன்பது வருஷம் நிறம் பார்த்தவருக்குத் தன் கண்ணிலிருந்து ஒரு நிறம் போனதுகூடத் தெரியவில்லையாம் பாவம் என்று ஒருவர் மற்றவரிடம் சொல்வதைக் கிடங்குக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் மெஷினைச் சுற்றி நிற்கிற நேரத்தில் மைக்காரம்மா கிடங்கு வாசலுக்கு வந்தாள். அவரை வெளியே கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என் மேல பழி போட்ட அன்னிக்கு, உங்க கண்ணுல சிவப்பு போயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லத்தான் எல்லாருமே அவருக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், மனைவி வீடு தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறாள், முதலாளி நம்புகிறார், இடம் காத்திருக்கிறது. சுற்றி நின்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள். அந்தப் பரிதாபம் மட்டும் இல்லாதிருந்தால் அவர் பொய்தான் சொல்லியிருப்பார்.

“பத்தொன்பது வருஷமா நிறம் பாக்கறவன் நான். என் கண்ணுல ஒரு சிவப்பு போறது எனக்குத் தெரியாதா? ரெண்டாவது வாரமே தெரியும். தாளைக் கிழிச்சதும் நான்தான்.”

நல்ல மனசு வந்து சொன்னார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ரோஷம். பொய்யன் என்று பெயர் வந்தாலும் வரட்டும், நிறம் தெரியாதவன் என்று வரக்கூடாது. மைக்காரம்மா சுற்றி நின்றவர்களை ஒருவர் விடாமல் பார்த்தாள். “கேட்டுக்கிட்டீங்கல்ல” என்றாள். சோதனைத் தாளை விளக்கு மேஜையில் வைத்துத் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து நின்றிருந்த முதலாளி, டாக்டர் கடிதம் எதுவும் இனி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நிஜமா என்று கேட்டாள். ஆமாம் என்றார். மூன்று மாதம் அவருக்குக் கட்டு மாற்றி, மருந்து ஊற்றி, கைபிடித்து நடத்திய பெண். பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாருக்கும் அவர் சார்பில் வக்காலத்து வாங்கிய பெண். திட்டினால் திருப்பித் திட்டலாம் என்று காத்திருந்தார். அவள் எழுந்து போய்ச் செருப்பை மாட்டினாள். எங்கே போகிறாய் என்று அதட்டினார்.

“அவருக்குத் தெரியாதும்மான்னு அந்தம்மா வீட்டுல போய்ச் சொல்லிட்டு வந்திருக்கேன். நான் சொன்னது பொய்யின்னு சொல்லிட்டு வரணும்” என்றாள். கதவைச் சாத்தாமலே இறங்கிப் போனாள்.